நாலு வரிச் செய்தி



சென்ற இதழில் நார்த்தங்காய் ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் காப்பது பற்றி எழுதியிருந்தேன். செய்து பார்த்துப் பலர் எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. இந்தத் தடவை ஊறுகாய் இல்லை, கைவைத்தியமும் இல்லை. கொஞ்ச நாளாக என் மனசை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

எல்லாம் ஒரு பனியனில் ஆரம்பித்தது.

என் பையனுக்குக் கால்பந்துப் பைத்தியம். 2022 டிசம்பரில் கத்தார் நாட்டில் உலகக் கோப்பைப் போட்டி நடந்ததே, அதில் அர்ஜென்டினா ஜெயித்த ராத்திரி அவன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கைக்குழந்தை அலறிக்கொண்டு எழுந்துவிட்டது. வெளிர் நீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் போட்ட அந்த ஊர்ப் பனியனை வாங்கியவன் இன்றுவரை விடவில்லை. வாரம் ஒரு தடவை அவனிடமிருந்து பிடுங்கித் துவைத்துப் போடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்படி ஒருநாள் மொட்டை மாடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடியில் மோர்மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த டீச்சர் பார்த்தார். அவர் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

"என்னம்மா, அர்ஜென்டினாவையே கொடியிலே போட்டுட்டியா?" என்று சிரித்தவர், "அந்த ஊர் அம்மாக்களோட வெள்ளைத் துணிக் கதை தெரியுமா உனக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு அந்த ஊர்லே மெஸ்ஸி ஒருத்தரைத்தான் டீச்சர் தெரியும்" என்றேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான். சாயங்காலம் வா, சொல்றேன்" என்றார்.

அன்று சாயங்காலம் டீச்சர் சொன்னதைக் கேட்டேன். பிறகு அவர் கொடுத்ததைப் படித்தேன். பத்தாவது வரை படித்த எனக்குப் புரியாத இடங்களைப் பையன் படித்துச் சொன்னான். பனியனைப் போட்டுக்கொண்டேதான் சொன்னான்.

1976 மார்ச் 24-ஆம் தேதி அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜெனரல் விடேலா என்பவர் தலைவரானார். அதற்கப்புறம் அந்த நாட்டில் மனிதர்கள் காணாமற்போக ஆரம்பித்தார்கள். ராத்திரியில் கார் வந்து நிற்கும். கல்லூரி மாணவன், தொழிற்சங்கக்காரர், வாத்தியார், பிள்ளைத்தாய்ச்சிப் பெண் என்று யாரையாவது இழுத்துக்கொண்டு போவார்கள். போலீஸ் நிலையத்தில் போய்க் கேட்டால், "இங்கே அப்படி யாரும் இல்லை" என்பார்கள். ராணுவ அலுவலகத்திலும் அதே பதில். வழக்கும் கிடையாது, தண்டனையும் கிடையாது, பிணமும் கிடையாது.

பத்திரிகைகள் என்ன செய்தன என்று கேட்கிறீர்களா? ஆட்சியைப் பிடித்த அன்றைக்கே ராணுவம் ஓர் உத்தரவு போட்டது. ராணுவத்தின் பெயரைக் கெடுக்கிற மாதிரி செய்தி போட்டால் 10 ஆண்டு வரை சிறை. ரொடால்ஃபோ வால்ஷ் என்ற எழுத்தாளர், ஆட்சி வந்து ஒரு வருஷம் ஆனபோது அதன் கொடுமைகளையெல்லாம் பட்டியலிட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதித் தபாலில் அனுப்பினார். 1977 மார்ச் 25 அன்று அவரை நடுத்தெருவில் சுட்டார்கள். உடல்கூட வீட்டுக்குக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் பார்த்த பிறகு பெரும்பாலான பத்திரிகைகள் வாயை மூடிக்கொண்டன. ஜனங்களும், "ஏதாவது செய்திருப்பான், அதனால்தான் பிடித்துப் போயிருப்பார்கள்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

வாய் திறந்தவர்கள் அம்மாக்கள்தான்.

அசுசேனா வில்லாஃபிளோர் என்று ஓர் அம்மாள். நான்கு பிள்ளைகளைப் பெற்ற சாதாரணக் குடும்பத் தலைவி. அவருடைய ஒரு மகனை 1976 நவம்பரில் பிடித்துப் போய்விட்டார்கள். அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோது, தன்னைப் போலவே அலையும் பல தாய்மார்களை வரிசைகளில் பார்த்தார். தனித்தனியாக அலைந்து பயனில்லை, எல்லாரும் சேர்ந்து அரண்மனைக்கு எதிரே இருக்கும் சதுக்கத்துக்குப் போவோம் என்றார். 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் போய் நின்றார்கள். அந்தச் சதுக்கத்தின் பெயர் பிளாசா டி மாயோ.

கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்றார்கள் போலீசார். சரி என்று இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு நடுவில் இருந்த நினைவுத் தூணைச் சுற்றி நடந்தார்கள். பிறகு வியாழக்கிழமைதோறும் மாலை மூன்றரை மணிக்கு நடப்பது என்று வைத்துக்கொண்டார்கள். நம் கோயிலில் பிராகாரம் சுற்றுவோமே, அந்த மாதிரி.

அந்த வருஷம் அக்டோபரில் லூஹான் என்ற ஊர் மாதா கோயிலுக்குப் பெரிய யாத்திரை. அந்தக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வது? தலையில் ஒரு வெள்ளைத் துணி கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். என்ன துணி தெரியுமா? குழந்தையாக இருந்தபோது இடுப்பில் கட்டிவிட்ட துணி! பிள்ளை வளர்ந்து பெரியவனான பிறகும் பெட்டியின் அடியில் வைத்திருப்போமே, அது.

இதைப் படித்ததும் நான் எழுந்து போய் என் பீரோவின் கீழ்த் தட்டைத் திறந்து பார்த்தேன். என் பையனுடையது இரண்டு இருந்தது.

ஆட்சியில் இருந்தவர்கள் இவர்களைப் "பைத்தியக்காரிகள்" என்றார்கள். பெரிய பத்திரிகைகள் செய்தியாகப் போடாததால், அம்மாக்கள் தங்களுக்குள் காசு சேர்த்து, காணாமற்போனவர்களின் பெயர்களை விளம்பரமாகப் போட ஏற்பாடு செய்தார்கள். 1977 டிசம்பர் 10, மனித உரிமை தினத்தன்று, 'லா நாசியோன்' நாளிதழில் அது வந்தது. அன்று காலை, விளம்பரம் வந்திருக்கிறதா என்று பார்க்கப் பத்திரிகை வாங்கக் கடைக்குப் புறப்பட்டார் அசுசேனா. வழியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வரவே இல்லை.

சகோதரிகளே, பேப்பர் வாங்கப் போனவர் திரும்பவில்லை. நம் வீட்டு வாசலில் தினமும் காலையில் வந்து விழுகிறதே, அந்தப் பேப்பர்!

அவரோடு சேர்ந்து நடந்த இன்னும் இரண்டு தாய்மாரையும், அவர்களுக்கு உதவிய இரண்டு பிரெஞ்சுக் கன்னிகாஸ்திரீகளையும் அதே சில நாட்களில் கொண்டுபோனார்கள். அவர்கள் விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்டார்கள் என்பது பல வருஷம் கழித்துத்தான் நிரூபணமானது. கரை ஒதுங்கிப் பெயரில்லாமல் புதைக்கப்பட்டிருந்த எலும்புகளில் அசுசேனாவுடையதை 2005-இல்தான் அடையாளம் கண்டார்கள். அவர் அஸ்தி அந்தச் சதுக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில்தான் 1978 ஜூனில் உலகக் கோப்பை வந்தது. அர்ஜென்டினாவிலேயே நடந்தது. உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். இறுதி ஆட்டம் நடந்த மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் எஸ்மா என்ற கடற்படைப் பள்ளி இருந்தது. ஆட்சிக் காலம் முழுவதும் சுமார் 5,000 பேரை அங்கே அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். உயிரோடு வந்தவர்கள் மிகக் கொஞ்சம். கோல் விழுந்தபோது எழுந்த ஆரவாரம் தங்கள் காதில் விழுந்ததென்று தப்பிப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

போட்டி தொடங்கிய ஜூன் 1 ஒரு வியாழக்கிழமை. அம்மாக்கள் வழக்கம்போல் நடந்தார்கள். எல்லாக் கேமராவும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நெதர்லாந்து நாட்டுத் தொலைக்காட்சிக்காரர்கள் சதுக்கத்துக்கு வந்து இவர்களைப் படம் பிடித்தார்கள். தலையில் வெள்ளைத் துணியோடு ஒரு தாய் ஓலமிட்டு, நீங்கள்தான் எங்களுக்குக் கடைசி நம்பிக்கை என்று அந்த அயல்நாட்டு நிருபர்களிடம் சொன்னதை நெதர்லாந்து ஜனங்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

பார்த்துவிட்டு "ஐயோ பாவம்" என்று சொல்லி டீவியை அணைத்திருக்கலாம். அந்த நாட்டுப் பெண்கள் ஓர் ஆதரவுக் குழு ஆரம்பித்தார்கள். பிரதமராக இருந்தவரின் மனைவி லீஸ்பெத் டென் அய்ல் அதற்கு முன்னின்றார். அவர்கள் திரட்டி அனுப்பிய பணம், அம்மாக்கள் கூடிப் பேச ஒரு சொந்த இடம் வாங்க உதவியது. அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 3-1 என்று தோற்ற நாடு எது தெரியுமா? இதே நெதர்லாந்துதான். ஆட்டத்தில் தோற்றார்கள், ஆனால் அந்த அம்மாக்களை மறக்கவில்லை.

இன்னொரு சம்பவம். 1979 செப்டம்பரில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் விசாரணைக்காகப் பியூனஸ் அயர்ஸ் நகருக்கு வந்தது. புகார் கொடுக்கத் தாய் தகப்பன்மார் தெருவில் நீண்ட வரிசையில் நின்றார்கள். அதே சமயம் இளைஞர் உலகக் கோப்பையை அர்ஜென்டினா ஜெயித்தது. வானொலியில் ஒரு பிரபல வர்ணனையாளர், எல்லாரும் அந்தத் தெருவுக்குப் போய்க் கொண்டாடுங்கள், நம் நாட்டின் நல்ல முகத்தை அந்த ஆணையத்துக்குக் காட்டுங்கள் என்று தூண்டிவிட்டார். கொடி பிடித்துப் பாடிக்கொண்டு கூட்டம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் நகரவில்லை. 5,500-க்கும் மேற்பட்ட புகார்கள் பதிவாயின.

ஒரே தெரு, ஒரே பகல். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பது வானொலிக்காரர் கையில் இருந்தது.

எல்லாப் பத்திரிகையும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. 'பியூனஸ் அயர்ஸ் ஹெரால்டு' என்று ஒரு சின்ன ஆங்கிலப் பத்திரிகை. அந்த நாட்டில் ஆங்கிலம் படிப்பவர்களே சொற்பம். ஆசிரியர் ராபர்ட் காக்ஸ் காணாமற்போனவர்களின் பெயர்களை அச்சிட்டார். மற்ற இடங்களில் விரட்டப்பட்ட தாய்மார்கள் அங்கே போய் உட்கார்ந்து விவரம் சொன்னார்கள். அவரைச் சிறையில் போட்டார்கள், குடும்பத்தை மிரட்டினார்கள். 1979 கடைசியில் அவர் நாட்டை விட்டே போகும்படி ஆனது.

பெயர் அச்சில் வந்தால் என்ன லாபம் என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அதற்கு டீச்சர் பக்கத்து நாடான பிரேசிலில் நடந்ததைச் சொன்னார். 1973-இல் அங்கும் ராணுவ ஆட்சிதான். லூயிஸ் ரொஸ்ஸி என்ற பேராசிரியரைப் பிடித்துப் போனார்கள். அம்னெஸ்டி என்ற அமைப்பு பல நாட்டு ஜனங்களைக் கடிதம் எழுதச் சொன்னது. முன்பின் தெரியாதவர்கள் எழுதிய கடிதங்கள் குவிந்தன. அந்த வருஷமே அவர் விடுதலையானார். தன் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது, இனித் தன்னைக் கொல்ல முடியாது என்று அப்போது தனக்குப் புரிந்தது என அவர் பின்னால் சொன்னார்.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் பெரியம்மா பையன் பல வருஷம் முன்பு வளைகுடா நாடு ஒன்றுக்கு வேலைக்குப் போனான். போய் இரண்டு மாதம் போன் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. முதல் மாதம் உறவு முழுக்கப் பெரியம்மா வீட்டில்தான். ஆளுக்கொரு யோசனை. யாரோ முயற்சி எடுத்து ஒரு நாளிதழில் செய்தி வந்தது. உள் பக்கத்தில், மூலையில், நாலே வரி. பெரியம்மா அதைக் கத்தரித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

மாதங்கள் போயின. கல்யாணம், வளைகாப்பு என்று பார்க்கும்போது நான் பெரியம்மாவிடம் அவனைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் அழுவாளே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், விசேஷ வீட்டில் அழுகை வேண்டாமே என்றும் நினைத்தேன். மற்றவர்களும் அப்படியே.

பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட முதலாளியிடமிருந்து எப்படியோ தப்பி, 14 மாதம் கழித்து அவன் வந்து சேர்ந்தான். இளைத்துத் துரும்பாக வந்தான். எல்லாரும் ஓடினோம். பெரியம்மா எனக்குக் காபி கொடுத்தாள். சமையலறையில் தனியாக இருந்தபோது சொன்னாள்: "நீங்கள்ளாம் கேட்கறதை நிறுத்தினப்போதான்டி எனக்குப் பயம் வந்தது. அதுவரைக்கும் அவன் இருக்கான்னு நினைச்சுண்டிருந்தேன்."

என்னால் பதில் பேச முடியவில்லை. இந்த அம்மாக்கள் கதையைப் படிக்கும்போது அந்தக் குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. வியாழக்கிழமைதோறும் அவர்கள் நடந்தது வேறெதற்கு? ஊர் கேட்பதை நிறுத்திவிடக் கூடாது என்பதற்குத்தானே?

நான் பேப்பர் படிக்கும் அழகைச் சொல்கிறேன். முதலில் தங்கம் விலை. அப்புறம் ராசி பலன். பிறகு நகரில் இன்று. வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை விரித்துக் கத்திரிக்காய் நறுக்குவேன். "பேப்பர்காரன் இதையெல்லாம் பெரிசாப் போடறதில்லையே டீச்சர்" என்று குறைப்பட்டேன். "நீ எந்தப் பக்கத்தைப் படிக்கறியோ அதைத்தான் அவன் பெரிசாப் போடுவான். நீ காய் நறுக்கற பக்கத்தை எதுக்குப் பெரிசாக்கணும்?" என்றார். செல்போனிலும் அதே கதைதான். எதைத் தொட்டுப் பார்க்கிறோமோ அதுவேதான் மறுபடி மறுபடி வருகிறது.

2023 ஏப்ரலில் சூடான் நாட்டில் சண்டை மூண்டது நினைவிருக்கிறதா? நம் நாட்டவர் 3,800-க்கும் அதிகமானவர்களைக் கப்பலிலும் விமானத்திலும் மீட்டு வந்தார்கள். அதுவரை எங்கள் வீட்டுப் பேப்பரில் தினமும் முதல் பக்கம். நம்மவர்கள் வந்து சேர்ந்ததும் செய்தி சுருங்கி உள்ளே போய்விட்டது. சண்டை ஓயவில்லை. அந்த நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அங்கேயும் குழந்தைக்குக் கஞ்சி தேடும் தாய்மார்கள் இருப்பார்கள் அல்லவா? நம் ஆள் பத்திரம் என்றதும் நானும் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

கடல் தாண்டி மிகப் பக்கத்தில், நம் மொழி பேசும் தாய்மார்களும் இருக்கிறார்கள். காணாமற்போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் உட்கார்ந்தார்கள். முதல் வாரம் படத்தோடு செய்தி வந்தது. வருஷங்கள் ஓடின. பதில் கிடைக்காமலே பல தாய்மார்கள் கண்ணை மூடிவிட்டார்கள். அந்தச் செய்தி நம் பேப்பர்களில் எத்தனை வரி வந்திருக்கும்?

அர்ஜென்டினா அம்மாக்களுக்குக் கொஞ்சமாவது நியாயம் கிடைத்தது. 1983 டிசம்பரில் மக்களாட்சி திரும்பியது. விசாரணைக் குழு 8,961 பேரைப் பெயரோடு பட்டியலிட்டது. மொத்தம் 30,000 என்கின்றன மனித உரிமை அமைப்புகள். விடேலா 2013-இல் சிறையிலேயே இறந்தார். சிறையில் பிரசவித்த பெண்களிடமிருந்து பறித்துப் பிறருக்குக் கொடுத்த குழந்தைகள் சுமார் 500 பேர். பாட்டிமார்கள் தனியாக ஒரு சங்கம் அமைத்து, ரத்தப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை மூலம் 130-க்கும் மேற்பட்ட பேரன் பேத்திகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த எஸ்மா கட்டடம் இன்று அருங்காட்சியகம்.

சரி, வீட்டில் இருக்கும் நாம் என்னதான் செய்ய முடியும்? நான் செய்ய ஆரம்பித்திருப்பதைச் சொல்கிறேன்.

வாரத்தில் ஒரு நாளாவது வெளிநாட்டுப் பக்கத்தை முழுக்கப் படிக்கிறேன். புரியாத ஊரைப் பையனின் அட்லஸில் தேடுகிறேன்.

ஏதாவது ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு, மாதம் ஒரு தடவை, "அது என்ன ஆயிற்று?" என்று தேடிப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் சுமக்க நம்மால் முடியாது. ஒன்றை மறக்காமல் இருக்கலாம்.

பேப்பரில் நன்றாக விவரமாக எழுதினால் ஆசிரியருக்கு இரண்டு வரி பாராட்டி எழுதுகிறேன். பாதியில் விட்டுவிட்டால், அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுகிறேன். இதுவரை மூன்று கடிதம் போட்டேன். ஒன்று அச்சில் வந்தது.

வாட்ஸ்அப்பில் வரும் கோரமான படங்களை யாருக்கும் அனுப்புவதில்லை. எந்த ஊர், எந்த வருஷம் என்று தெரியாத படம் நல்ல காரியத்தையே கெடுத்துவிடும். சின்னக் குழந்தைகள் கண்ணில் பட்டால் ராத்திரி தூங்காது. அவர்களுக்குப் படம் வேண்டாம், கதையாகச் சொன்னால் போதும்.

கால்பந்து பார்க்காதே என்று பையனிடம் நான் சொல்லவில்லை. விளையாடியவர்கள் மேல் என்ன தப்பு? அடுத்த ஆட்டத்துக்கும் பனியனைத் துவைத்துத்தான் கொடுப்பேன். ஆனால் அன்று அவனே சொன்னான்: "அம்மா, இந்தப் பனியனைப் பார்த்தா இனிமே எனக்கு அந்த வெள்ளைத் துணியும் ஞாபகம் வரும்."

அம்மாக்களின் நடை 2016 ஆகஸ்டில் 2,000-ஆவது வியாழனைத் தாண்டியது. அங்கே மாலை மூன்றரை என்றால் நமக்கு நள்ளிரவு 12 மணியாம், பையன் கணக்குப் போட்டுச் சொன்னான். வியாழக்கிழமை ராத்திரி மறுநாள் இட்லிக்கு மாவைக் கரைத்து மூடிவிட்டு, வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடும்போது, எனக்கு இப்போதெல்லாம் அவர்கள் நினைவு வருகிறது. உள்ளே போய்ப் பையன் போர்வையைச் சரியாகப் போர்த்தியிருக்கிறானா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

அப்புறம், போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். பையன் இப்போது உள்ளூரிலேயே கடை வைத்து நன்றாக இருக்கிறான். "அந்த நாலு வரிப் பேப்பர் இன்னும் இருக்கா பெரியம்மா?" என்று கேட்டேன். "சாமி படத்துக்குக் கீழேயே இருக்குடி. எடுக்க மனசு வரலை" என்றாள்.

அடுத்த இதழில் கோடைக்கு வேண்டிய வற்றல், வடகத்தோடு வருகிறேன்.